காலண்டர் தாளின் பின்பக்கம்

"படிக்கும்போது என்ன ஆக நினைத்தாய், இப்போது என்ன ஆகியிருக்கிறாய், அதை எழுதிக் கொடும்மா" என்று நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கத்தின் மலர்க் குழுவில் இருக்கும் அண்ணன் கேட்டபோது, பதில் என் பெட்டியிலேயே இருந்தது. சிங்கப்பூருக்கு வந்த நாளில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக் கொண்டுவந்த நான்கு தாள்கள். நான்குமே தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த ஜனவரி முதல் தேதித் தாள்கள். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் என் கையெழுத்து.

அப்பா திருப்பூரில் டையிங் மாஸ்டர், சாய ஆலையில் துணிக்குச் சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்பவர். வருடக் கடைசியில் சாயம், கெமிக்கல் விற்கும் கடைகளிலிருந்து அவருக்கு நாலைந்து காலண்டர் வரும். முருகன் படம் போட்டதை அம்மா எடுத்து மாட்டுவார். நான் 2008-ல் நம் கல்லூரியில் டெக்ஸ்டைல் சேர்ந்தேன். அடுத்த ஜனவரி பிறந்ததும் அப்பா முதல் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். "இந்த வருசம் என்னென்ன பண்ணப் போறேன்னு எழுதி வெய்யி அம்மிணி. அடுத்த வருசம் எடுத்துப் பார்த்துக்கலாம்" என்றார்.

அப்பா எட்டாவதோடு நின்றவர். ஆனால் அவரைப் போல எழுதி வைப்பவரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் சாயம் போடும் துணிக்கும், எந்தச் சாயம் எத்தனை கிராம், உப்பு எவ்வளவு, சோடா எப்போது என்று நீள நோட்டில் எழுதுவார். கலர் வந்தால் பக்கத்தில் 'ஓகே'. வரவில்லை என்றால் எழுதியதை அடிக்க மாட்டார். ஏன் வரவில்லை என்று கீழே ஒரு வரி எழுதுவார். 'தண்ணி சூடு பத்தலை.' 'துணி சரியா வெளுக்கலை.' அந்தப் பழக்கத்தைத்தான் எனக்கும் கொடுக்கப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது.

2009-ஆம் வருடத் தாளில் நான்கு வரிகள் இருக்கின்றன. முதல் வகுப்பு வாங்க வேண்டும். அரியர் கூடாது. செமினாரை ஆங்கிலத்தில் எடுக்க வேண்டும். அப்பாவுக்குச் சொந்தப் பட்டறை. கடைசி வரியின் கீழே இரண்டு கோடு.

அந்தப் பட்டறை எனக்கு வெறும் ஆசை இல்லை. சாயம் போடும் விஞ்ச் இயந்திரம் எத்தனை, பாய்லர் எந்த மூலையில், லேப் எந்தப் பக்கம் என்று படமே வரைந்து வைத்திருந்தேன். லேபுக்கு வடக்குப் பார்த்த ஜன்னல். ஷேட், அதாவது நிறத்தின் சாயல், பார்க்க வடக்கு வெளிச்சம்தான் சரி என்று அப்பா சொல்வார். மேகம் போட்டிருந்தால் துண்டுத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். டியூப்லைட்டை நம்ப மாட்டார்.

2010-ல் இரண்டாம் வருடம் முடிந்த விடுமுறையில் அப்பா வேலை பார்த்த இடத்துக்கே பயிற்சிக்குப் போனேன். ஐந்நூறு கிலோ துணிக்கு நேவி புளூ ஓடியது. உப்பு மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் உப்பு. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர். அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். ஒரு கிலோ துணிக்கு 640 கிராம் உப்பு. அந்த ஒரு லாட்டுக்கு மட்டும் 320 கிலோ.

அந்த வருடம்தான் வகுப்பில் உப்பு எதற்கு என்று படித்திருந்தோம். பருத்தி நனைந்ததும் அதன்மேல் எதிர்மின்சுமை நிற்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமை. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பு நடுவில் புகுந்து அந்தத் தள்ளலைக் குறைத்துச் சாயத்தை நூலின் பக்கம் அனுப்புகிறது. அப்புறம் சோடா போட்டதும் சாயம் நூலோடு பிணைந்துவிடும். உப்பின் வேலை அவ்வளவுதான். அது துணியில் ஒட்டுவதே இல்லை. போட்டது அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும்.

"அப்பா, இந்த உப்பெல்லாம் எங்க போகுது?" என்று கேட்டேன்.

"சுத்திகரிப்புக்குப் போகுது அம்மிணி. சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டு நெறத்த எடுத்துருவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே, "நெறந்தான் போகும்" என்றார்.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அம்மா பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம், நொய்யலை ஒட்டி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி வருகிற ஆறு அங்கேதான் ஒரத்துப்பாளையம் அணையில் நின்றது. 1992-ல் அந்த அணை பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. சில வருடங்களிலேயே, அதில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும்படி ஆனது. வந்து நின்றது சாயத் தண்ணீர். சுற்றியிருந்த கிணறுகளில் உப்பு இறங்கியது.

அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் அதை நான் பருப்பில்தான் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் விடுமுறைக்குப் போனால் அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவார். அதற்கு மட்டும் விலைக்கு வாங்கிய குடத்துத் தண்ணீர். ஒருநாள் தண்ணீர் வண்டி வரவில்லை. கிணற்றுத் தண்ணீரிலேயே பருப்பை வேகவைத்தார். விறகு ஒரு கட்டுத் தீர்ந்தது. பருப்பு மஞ்சளாகப் பளபளவென்று, போட்டபடியே கிடந்தது. அமுச்சி அதை வடித்து மாட்டுக்கு வைத்தார். மாடு தவிட்டை நக்கிக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டது.

ஒரு பக்கம் உப்புப் போட்டுச் சோறு போட்ட அப்பா. இன்னொரு பக்கம் அந்த உப்பு வந்து சேர்ந்த அமுச்சியின் கிணறு. நடுவில் இருந்த தூரம் யாருடைய பாடப் புத்தகத்திலும் இல்லை. எல்லாம் தெரிந்தும், 2011 ஜனவரித் தாளில் 'கேம்பஸில் வேலை, இரண்டு வருடம் சம்பளம் சேர்த்துப் பட்டறைக்கு லீசுக்கு இடம்' என்று எழுதினேன். மனசு வராமல் எழுதியது கையெழுத்திலேயே தெரிகிறது.

நான்கு வாரத்தில், ஜனவரி 28 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவு. ஹாஸ்டல் மெஸ் டிவியில் செய்தி ஓடியது. அப்பாவுக்குப் போன் போட்டேன். "கரண்ட்டு போயிருச்சு அம்மிணி. நீ படி" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்துப் பேசியது அமுச்சி. "இனிமே ஆத்துல நல்ல தண்ணி வருமா சாமி?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். அப்பாவுக்கு வேலை நின்றதைச் சொன்னதும், அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

தீர்ப்பு சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆற்றைக் காப்பாற்றச் சொல்லி விவசாயிகள் பல வருடம் நீதிமன்றப் படி ஏறியிருந்தார்கள். ஆனால் அந்தச் சனிக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டில், பையும் பாயுமாகத் தென் மாவட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளிகளையும் பார்த்தேன். அதில் இருவர் அப்பாவிடம் வேலை கற்றவர்கள். அம்மா பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகத் தொடங்கினார். அப்பா வீட்டில் இருந்தார். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அப்பாவின் நகங்களில் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அந்த மார்ச் மாதம் நகம் வளர்ந்து, வெட்டி, முழுக்க வெள்ளையாகி இருந்தது. சாப்பாட்டில் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

திசை மாறுவது என்பது எனக்கு ஒரே நாளில் நடக்கவில்லை. நண்பர்கள் மென்பொருள் வேலைக்குத் தயாரானார்கள். நானும் இரண்டு மாதம் அந்தப் புத்தகங்களை வைத்திருந்தேன். அதில் போவது தவறில்லை, போனவர்கள் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் 'சொந்தப் பட்டறை' என்ற வரியை அடித்தால் அப்பாவையே அடிப்பது போலிருந்தது. அடிக்காமலும் முன்னால் போக முடியவில்லை.

இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஷேட் கணிப்பு பற்றித் தலைப்புக் கொடுத்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று துறைப் பேராசிரியரிடம் போய் நின்றபோது தேதி தாண்டியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. "ஏம்மா, தலைப்ப மாத்தறது சுலபம். உன் கேள்வி என்னன்னு ஒரே வரியில சொல்லு" என்றார்.

"போட்ட உப்பை எடுத்து மறுபடியும் சாயத்துக்கே போட முடியுமாங் சார்?"

"அளந்து பாரு. அப்புறம் பேசுவோம்."

2012 தாளில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது. 'போட்ட உப்பைத் திரும்ப எடுக்க வேண்டும்.' வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

சாயக் கழிவில் நிறத்தையும் அழுக்கையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய உப்புக் கரைசலில் சின்னத் துண்டுகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். திட்டுத் திட்டாகப் பிடித்தது. ஒரு மாதம் ஓடியது. கடினத்தன்மையைக் குறைத்தேன், ஷேட் தெளிந்தது, திட்டு போகவில்லை. கடைசியில் துண்டுகளை நோட்டில் ஒட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

நம் டையிங் லேபில் பேராசிரியர் எழுந்து நின்று, "வாங்க மாஸ்டர்" என்று நாற்காலி போட்டார். அப்பா உட்காரவில்லை. கரைசலைக் கையில் தொட்டு இரண்டு விரலால் தேய்த்தார்.

"வழவழங்குதுங் சார். சோடா முன்னாலயே உள்ள இருக்குது. சாயம் உள்ள போய்ப் பரவறதுக்கு முந்தியே புடிச்சுக்குது. அதான் திட்டு."

எங்கள் மூன்று பேர் கண்ணும் ஒரே நேரத்தில் பி.எச். மீட்டருக்குப் போனது. காரத்தைப் பார்க்கவே இல்லை நான். அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்து அதே சாயத்தைப் போட்டோம். துண்டு வெளியே வந்தபோது அப்பா அதை வடக்கு ஜன்னலுக்கு எடுத்துப் போனார். நெடுநேரம் பார்த்தார். என் நோட்டை வாங்கி, துண்டை ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் 'ஓகே' என்று எழுதினார். திரும்பும்போது அவர் கட்டைவிரல் நகத்தில் நீலம் ஏறியிருந்தது.

உப்பு நீரை மீண்டும் பயன்படுத்தும் வழியை நான் கண்டுபிடித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். பலர் அதில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருப்பூர் அந்த வழியில்தான் மீண்டும் எழுந்தது. இன்று அங்கே 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவை நுண்ணுயிர்களால் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி, மிஞ்சிய உப்பு நீரிலும் முடிந்ததை மறுபடி சாயத்துக்கு அனுப்புகிறார்கள். ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்பது விதி. அப்படி ஒரு நிலையத்தில் ஷிப்ட் கெமிஸ்டாக இரண்டு வருடம் இருந்தேன். பிறகு மேற்படிப்பு, பிறகு இங்கே. 2003-லிருந்து கழிவுநீரைச் சுத்தம் செய்து நியூவாட்டர் என்று மறுபடி பயன்படுத்தும் ஊர் இது. உப்பு நீரில் சல்பேட்டை நிறுத்திக் குளோரைடை மட்டும் விடும் மெம்பிரேன்கள், அதாவது மெல்லிய வடிகட்டிப் படலங்கள், என் வேலை. இரண்டு உப்பையும் பிரித்தால்தான் அவற்றுக்கு மறுபடி மதிப்பு. பிரிக்க முடியாத கலப்பு உப்பு இன்னும் திருப்பூர்க் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. அதை நினைக்காத நாள் இல்லை.

ஆலைகள் திறந்ததும் அப்பா வேலைக்குத் திரும்பினார். மூட்டு வலி வரும்வரை மீட்ட உப்பு நீரில்தான் சாயம் போட்டார். சொந்தப் பட்டறை வரவில்லை. அந்த வரியை நான் அடிக்கவும் இல்லை. போன வருடம் நான்கு தாள்களையும் அவரிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுப் படித்தார். 2009-இன் கடைசி வரிக்குப் பக்கத்தில் பேனாவை வைத்து யோசித்துவிட்டு, ஒன்றும் எழுதாமல் மூடினார். 2012-க்குப் பக்கத்தில், 'பாதி ஓகே. கலப்பு உப்பு பாக்கி' என்று எழுதிக் கொடுத்தார்.

நம் சங்கத்தின் உதவித்தொகைக்கு வரும் கடிதங்களைப் படிக்கும் பொறுப்பு இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் ஐந்து வருடத் திட்டம் எழுதி அனுப்புகிறார்கள். போன வருடம் எழுதியதை இந்த வருடம் மாற்றியவர்கள், அதை மறைத்துப் புதிதாக எழுதுகிறார்கள், ஏதோ தப்புச் செய்துவிட்டது போல. தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழையதையும் அப்படியே விட்டு வையுங்கள். ஏன் வரவில்லை என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். நான் முதலில் அந்த வரியைத்தான் படிப்பேன்.

இந்தத் தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அமுச்சி தோட்டத்துக் கிணற்றில் வாளி விட்டு, கையோடு கொண்டுபோன, உப்பை அளக்கும் மீட்டரை நனைத்து எண்ணைக் குறித்துக்கொண்டேன். அமுச்சிக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. அவருக்கு ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு பொங்கலுக்கும் கிணற்றுத் தண்ணீரில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பைத் தனிச் சட்டியில் போட்டு அடுப்பில் வைப்பார். பூப்பறிக்கப் போகக் கிளம்பிய பிள்ளைகள் வாசலில் கத்திக்கொண்டிருக்க, அவர் கரண்டியால் ஒரே ஒரு பருப்பை எடுத்து, ஊதி, கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ஓரம் வெந்துருச்சு. நடுவுல இன்னும் கல்லு மாதிரி நிக்குது அம்மிணி."

"போன வருசத்துக்குங் அமுச்சி?"

"போன வருசம் ஓரமே வேகல" என்றார், அடுப்பில் இன்னொரு விறகை வைத்துக்கொண்டே.