கானாயி குஞ்ஞிராமனும் நம் கடற்கரைச் சாலையும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள காந்தி திடலில் மேடை போட்டு, பந்தல் கட்டி, காந்தி சிலை தெரியாதபடி ப்ளெக்ஸ் வைக்கும்போதெல்லாம் எனக்கு சிற்பி கானாயி குஞ்ஞிராமன் நினைவுக்கு வந்துவிடுகிறார். புதுச்சேரியில் அவர் பேரைச் சொன்னால் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துப் பிள்ளைகளைத் தவிர அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. ஆனால் மலம்புழா அணைக்குச் சுற்றுலா போய், கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய யட்சியின் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். அதைச் செய்தவர்தான் கானாயி.

1937இல் காசர்கோடு பக்கம் குட்டமத்தில் பிறந்தவர். படித்தது சென்னை ஓவியக் கல்லூரியில், அதனால் பாதி நம்ம ஊர்க்காரர் என்றே நினைத்துக்கொள்வேன். அப்புறம் லண்டனில் ஸ்லேட் கலைப்பள்ளி. திரும்பி வந்து 1969இல் மலம்புழாவில் 30 அடி உயர யட்சியை கான்கிரீட்டில் எழுப்பினார். ஆடையில்லாத பெண்ணுருவம், அதுவும் குடும்பத்தோடு வந்து போகும் பூங்காவில்! எதிர்ப்பு பலமாகவே இருந்தது. அவர் பின்வாங்கவில்லை. இன்று அந்த யட்சி இல்லாத மலம்புழாவை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது.

எனக்கு அதைவிடப் பிடித்தது திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கும் சாகரகன்யகா, அதாவது கடல்கன்னி. 87 அடி நீளம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடித்த வேலை. தலைவர்கள் சிலைபோல அண்ணாந்து பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை, பக்கத்தில் போய் உட்காரலாம், சுற்றி நடக்கலாம், நடக்க நடக்க அவள் உடம்பின் வளைவும் மாறிக்கொண்டே போகும். அப்படிப் பார்க்கச் சுற்றிலும் வெறும் வெளி வேண்டும். கானாயிக்கு மணலும் புல்லும் வானமும் சிலையோடு சேர்ந்தவைதான்.

2020இல் அதன் அருகிலேயே ஒரு பழைய ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து காட்சிக்கு நிறுத்தினார்கள். சிலையில் ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனாலும் தன் வேலை சிதைந்துவிட்டது என்று அவர் கொதித்தார். சங்குமுகம் மட்டுமல்ல, வேளியிலும் கண்ணூர் பய்யாம்பலத்திலும் உள்ள தன் சிற்பங்களுக்கும் இதே கதிதான் என்று சொல்லி, 2022இல் அரசு அறிவித்த கேரள ஸ்ரீ விருதை வேண்டாம் என்றார். 85 வயதில்! அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. பொது இடத்தில் வேலை செய்யும் சிற்பிக்குக் கூலி கைக்கு வந்ததும் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை, அதைப் பாதுகாக்க வேண்டியவர்கள் தூங்கினால் அவர்தான் கடைசி வரை சண்டை போட வேண்டியிருக்கிறது.

நம் காந்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றி எட்டு கருங்கல் தூண்கள், செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள், பின்னால் கடல். தூண்களுக்கு நடுவே கடலும் வானமும் தெரிவதில்தான் அந்த இடத்தின் அழகே இருக்கிறது, அதைத்தான் விழாவுக்கு விழா நாம் துணி கட்டி மறைக்கிறோம். மேடையை நூறடி தள்ளிப் போட்டால் எந்த விழாவும் கெட்டுப்போகாது. இனி கடற்கரைச் சாலையில் புதுச் சிற்பம் எதுவும் வைப்பதாக இருந்தால், சுற்றி எத்தனை அடிக்கு எதுவும் வரக்கூடாது என்பதைச் சிற்பியிடமே கேட்டு, ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.