பன்னிரண்டு பேரின் மௌனம்

எங்கள் கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு நீள மேசை ஒன்றுதான். பன்னிரண்டு பேர் இருப்போம். ஆனால் கதைப்பது இரண்டு மூன்று பேர்; மற்றவர்கள் பகிடிக்குச் சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவோம். வவுனியாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பிள்ளை அந்த மேசையில் மாதக்கணக்காக வாயே திறக்கவில்லை. உம்மணாமூஞ்சி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒருநாள் நெடுந்தீவு வேலைக்கு நாங்கள் நாலு பேர் வெளிக்கிட்டோம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றபோது, அந்தப் பிள்ளை கையைப் பின்னால் கட்டி, இல்லாத கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்து, "அந்த ஃபைல் எங்கை பிள்ளை?" என்றது. அப்படியே எங்கள் கந்தோர்ப் பெரியவர்! சிரித்து முடியவில்லை. படகு ஒரு மணி நேர ஓட்டம். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் குரல் கேட்கும். "அக்கா, எங்கட வீட்டில வேலைக்கு எண்டு வெளிக்கிட்ட முதல் ஆள் நான்தான்" என்று தொடங்கி, அந்த ஒரு மணி நேரமும் என்னோடு கதைத்துக்கொண்டே வந்தது.

ஆளில் குறை இல்லை, கூட்டத்தின் அளவில்தான் குறை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனிதருக்கு ஏறக்குறைய 150 பேரோடுதான் உறவு பேண முடியும் என்று சொன்ன மானிடவியலாளர் ராபின் டன்பார், 1995இல் இன்னும் இருவரோடு சேர்ந்து, தன்னியல்பாகக் கூடிப் பேசுபவர்களைக் கவனித்து எழுதினார். ஒரே பேச்சில் நிலைப்பது சுமார் நாலு பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பேச்சு இரண்டாகப் பிரிகிறது. கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. நாலு பேருக்குள் 6 சோடி உறவுகள், பன்னிரண்டு பேருக்குள் 66. சாப்பாட்டு நேரத்தைச் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு ஐந்து நிமிடம் வராது. அதற்குள் யார் மனதைத் திறப்பது? சத்தமாகக் கதைக்கிறவருக்கே மேசை சொந்தம்.

மூன்று பேராகப் போவதும் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டால் மற்றவர் தனித்துப் போவார்.

பெரிய கூட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செத்த வீடு என்றால் கந்தோர் முழுக்க வான் பிடித்துப் போவோம். அந்த நேரத்தில் அந்தக் கூட்டமே பெரிய ஆறுதல். ஆனால் எட்டுச் செலவு முடிந்து, ஒரு மாதம் கழித்து வரும் அந்தியேட்டிச் சடங்குக்கும் மறக்காமல் வந்து நிற்பவர்கள், எப்போதோ ஒன்றாக வெளி வேலைக்குப் போய்ப் பழகியவர்கள்தான். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

வெளி வேலைக்குப் பெயர் போடுவது இப்போது என் பொறுப்பு. ஒவ்வொரு தடவையும் நாலு பேர், அதில் ஒருவர் புதியவர். ஐந்தாவதாக யாராவது கேட்டால் அவரை அடுத்த பயணத்துக்குப் போடுகிறேன். சிலருக்கு இதில் கோபம். இருக்கட்டும்.