டெயில் லேம்ப் டின்ட்: அந்த மூலை கடைசியில் உட்கார்ந்துவிட்டது

இடது டெயில் லேம்ப்புக்கு, நிறத்தைக் கருமையாக்கும் டின்ட் ஃபிலிம் ஒட்டி முடிந்தது. விளக்கு பின்பக்கத்திலிருந்து பக்கவாட்டுக்குத் திரும்புகிற அந்த மேல் மூலை இந்த முறை எழும்பவே இல்லை. சித்திரை வெயிலில் மரநிழல்கூட இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திப் பார்த்தேன், வாட்டர் வாஷில் நேராக அந்த ஓரத்திலேயே பிரஷர் அடிக்கச் சொன்னேன். அசையவில்லை. முன்னால் ஒட்டியவை எல்லாம் மறுநாள் காலையில் பார்த்தால் நகம் நுழையும் அளவுக்கு ஓரம் விட்டிருக்கும். அந்த ஒரு மூலைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பழைய ஹேட்ச்பேக். ஃபிலிம் லைட் ஸ்மோக், அதாவது லேசான புகை நிறம். டின்ட் ஸ்ப்ரே வேண்டாம் என்பதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகமில்லை. டெயில் லேம்பின் மேல்மூடி அக்ரிலிக்; விளிம்பில் பி.எம்.எம்.ஏ. என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். கடுமையான சால்வென்ட் (கரைப்பான்) பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். அதோடு, ஸ்ப்ரேயை எடுக்க வேண்டுமென்றால் எமரி போட்டுத் தேய்த்து பாலிஷ் வரைக்கும் போக வேண்டும். ஃபிலிம் அப்படியில்லை. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டப் போகும்போது, சூடான காற்று ஊதும் ஹீட் கன் காட்டி உரித்தால் பழைய லேம்ப் அப்படியே இருக்கும்.

சரி, மூலைக்கு வருவோம். தட்டையான இடத்தில் ஃபிலிம் ஒட்டுவது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பேபி ஷாம்பு இரண்டு சொட்டு கலந்த தண்ணீர், அதை வழித்துத் தள்ள ஒரு ஸ்க்வீஜி, நடுவிலிருந்து வெளியே தள்ளுவது, அவ்வளவுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளைகிற இடத்தில் தட்டையான ஷீட் படியவே படியாது. ஓரத்தில் துணி கூடுகிற மாதிரி மடிப்பு விழும். மடிப்பைக் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கும், சாயங்காலம் எழும்பும். அமுக்குவதால் பலனே இல்லை. ஃபிலிமை அந்த வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்து, பிறகு அந்த வடிவத்தையே அதன் சொந்த வடிவமாக்க வேண்டும். இரண்டாவது பாதி இல்லாமல் முதல் பாதி நிற்காது.

ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தூரத்திலிருந்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுகிறேன். வாழையிலையை அனலில் வாட்டும்போது ஒரு கட்டத்தில் நிறம் மாறிப் பளபளத்து இலை தளரும் அல்லவா, ஃபிலிமும் அப்படித்தான் தளரும். அந்த நொடியில் இழுக்க வேண்டும். மடிப்பு விழுந்த இடத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. மடிப்புக்கு இரண்டு புறமும் பிடித்து, மூலையைத் தாண்டி இழுக்க வேண்டும். ஒரு கையால் முடியாது. தம்பி ஒரு பக்கம் பிடித்தான். "அண்ணே, கிழிஞ்சிடும்ணே" என்றான். "கிழியாது, மெதுவா இழு, விட்டுடாத" என்றேன். கண்ணெதிரே மடிப்பு மூன்றும் ஒவ்வொன்றாகக் கரைந்து, ஃபிலிம் மூலையைச் சுற்றி வழவழவென்று படிந்தது. அந்தக் காட்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மூலையில் மட்டும் இழுத்தால் அங்கே ஃபிலிம் மெலிந்துவிடும், ஸ்மோக் வெளிறும். பகலில் தெரியாது, விளக்கைப் போட்டதும் மூலை மட்டும் பளீரென்று சிவக்கும். அதனால் லேம்பைவிட எல்லாப் பக்கமும் நாலு விரல் பெரிதாக வெட்டி, முழுத் துண்டையும் சூடாக்கிப் பரவலாக இழுக்க வேண்டும். இழுவையை எல்லா இடமும் பங்கு போட்டுக்கொண்டால் நிறம் ஒரே சீராக இருக்கும்.

இன்னொன்று, மூலைக்கு அடியில் சோப்புத் தண்ணீர் இருக்கக் கூடாது. சோப்பு இருக்கிற வரை பசை பிடிக்காது. பெயின்ட் மேல் ஃபிலிம் ஒட்டுபவர்கள் ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்துப் பசையைப் பிடிக்க வைப்பார்கள். அக்ரிலிக் மேல் ஆல்கஹால் எனக்குச் சம்மதமில்லை. வெறும் தண்ணீரில் சோப்பை அலசிவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம் அந்த இரண்டாவது பாதி. ஒட்டி முடித்து, வெட்டி, ஓரத்தை லேம்பின் பின்பக்கம் மடித்துச் செருகிய பிறகு மறுபடி சூடு. இந்த முறை இழுக்க அல்ல, ஃபிலிம் தன் பழைய தட்டை வடிவத்தை மறக்க. இழுத்த இடமெல்லாம் ஏறக்குறைய 90 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அக்ரிலிக்கோ 100 டிகிரியைத் தாண்டியதும் இளக ஆரம்பிக்கும். நடுவில் இருக்கிற இடைவெளி அவ்வளவுதான். கையை வைத்து மதிப்பிடுகிற வேலை இல்லை இது. தொடாமலே சூட்டைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். பிளாஸ்டிக் மேல் அது நம்பகமாகக் காட்டும். பளபளப்பான உலோகத்தில்தான் ஏமாற்றும். ஒவ்வொரு விரற்கடை இடமாக 90 வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஓரம் முழுக்கச் சுற்றி வந்தேன். மூலை எழும்பாததற்கு முழுக் காரணம் இந்தச் சுற்றுதான்.

ஃபிலிமும் ஒரு காரணம். உருளைகளுக்கு நடுவே நசுக்கித் தயாரிக்கிற காலண்டர்டு வகை எப்போதும் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுக்கிற காஸ்ட் வகைக்கு அந்தப் பிடிவாதம் மிகக் குறைவு. கார் ஆக்சஸரி கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் பாதிக் கடைகளில் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். ஒன்றில்லை. ஒரு கடையில் காஸ்ட் என்று சொல்லிக் கொடுத்தது சூடு பட்டதுமே அரிசி வடகம் மாதிரிச் சுருண்டது. முதலில் கையளவு துண்டு வாங்கி, சூடாக்கி, இழுத்து, ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். சுருங்காமல் இருந்தால் அப்புறம் மீட்டர் கணக்கில் வாங்கலாம். பழகுவதற்கு, பழைய வண்டி உதிரி பாகங்கள் விற்கிற புதுப்பேட்டையில் ஒரு பழைய லேம்ப் கிடைத்தது. பின்பக்கம் உடைந்தது, மேல்மூடி நன்றாக இருந்தது, நமக்கு அதுதானே வேண்டும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான விஷயம்: எங்கே ஒட்டவில்லை என்பது. ரிவர்ஸ் லைட்டும் இண்டிகேட்டரும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. லேம்பின் அடியில் இருக்கும் ரிஃப்ளெக்டரைச் சுற்றி வெட்டி எடுத்துவிட்டேன். பலர் அதன் மேலும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள், பார்க்கவே பதறுகிறது. விளக்கின் ஒளி ஃபிலிமை ஒரு தடவைதான் கடக்கிறது. ரிஃப்ளெக்டரில் பின்னால் வருகிற வண்டியின் ஒளி உள்ளே போக ஒரு தடவை, திரும்பி வர ஒரு தடவை. ஒளியில் 70 சதவீதம் விடுகிற ஃபிலிம் அங்கே 49 சதவீதம்தான் தரும். டார்க் ஸ்மோக் 30 சதவீதம் விட்டால் ரிஃப்ளெக்டருக்கு மிஞ்சுவது வெறும் 9. ராத்திரி பைபாஸ் ஓரம் பேட்டரி செத்து நிற்கிற வண்டிக்கு அந்தச் சிவப்புத் துண்டு ஒன்றுதான் காவல்.

பிரேக் லைட்டையும் சோதித்தேன். பல்பு 21/5 வாட் சாதா பல்புதான். பிரேக்குக்கு 21, பார்க்கிங்குக்கு 5. போனில் இருக்கிற லக்ஸ் மீட்டரை ஒரே தூரத்தில் வைத்து, ஃபிலிமுக்கு முன்னும் பின்னும் எடுத்தேன். மூன்றில் இரண்டு பங்குக்கு மேலேயே மிச்சம். நடுமத்தியானம் தெருக்கோடியில் நின்று தம்பியை பிரேக் மிதிக்கச் சொன்னேன், சந்தேகமே இல்லாமல் தெரிகிறது. மீடியம் ஸ்மோக்குக்குப் போக எனக்கு மனமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி கொடுத்ததை மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கண்ணாடி ஃபிலிமைத் தடுத்ததிலிருந்து ஃபிலிம் என்றாலே டிராஃபிக் போலீஸ் உற்றுப் பார்க்கிறார்கள். பிரேக் லைட் மங்கியிருந்தால் பேச வாயில்லை.

அடுத்து ஹெட்லைட். அது பாலிகார்பனேட், வெயிலுக்கு மஞ்சளாகியிருக்கிறது. 800, 1500, 2000, 3000 என்று தண்ணீர் எமரி போட்டு, மேலே 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடிக்க ஆசை. ஹார்டனரில் மூச்சுக்கு ஆபத்தான ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் உதவாது, அதற்கான கார்ட்ரிட்ஜ் மாஸ்க் தேடிக்கொண்டிருக்கிறேன். கிளியருக்குப் பதில் டி.பி.யு. என்கிற நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிமே போட்டுவிடலாமா என்றும் யோசனை. விலை கொஞ்சம் கடிக்கிறது.

வலது டெயில் லேம்ப் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. இடதுக்கு வெட்டிய பேப்பர் அச்சைத் திருப்பிப் போட்டால் அளவு சரியாக வருகிறது, மீதமிருக்கும் ஃபிலிம் போதும். தம்பிக்கு லீவு கிடைக்கிற அன்றைக்கு ஒட்டிவிடுவோம்.