மாலைதீவில் சம்பளம் கூட்டிக் கேட்டது

மாலைதீவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறவர்கள் இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலும் கூடிவிட்டார்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியபோது, அரச ஆசிரியர் சம்பளம் டொலர் கணக்கில் கிட்டத்தட்ட அரைவாசியாகிப் போனது. அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போய் வேலை செய்யலாம், சேவை மூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காது என்று அந்த வருடமே சுற்றறிக்கை வந்தது. நானும் அப்படித்தான் போனேன். எப்படிப் போவது என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் எப்படிச் சம்பளம் கூட்டிக் கேட்பது என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஹுல்ஹுமாலேயில் ஒரு தனியார் பாடசாலையில். முதல் ஒப்பந்தத்தில் சம்பளம் 11,000 ரூபியா, அதாவது மாலைதீவுக் காசு. அறை அவர்களுடையது, இன்னொரு மிஸ்ஸோடு பங்கு. வருடம் ஒருமுறை விமானச் சீட்டு. லீவில் புறப்பட முன் புதிய ஒப்பந்தத்தைக் கையில் தந்து, கையெழுத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். தொகை அதே 11,000. வீட்டில் ஆறுதலாக வாசித்துவிட்டு அனுப்புகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இது முக்கியம். அடுத்த வருட நேரசூசி போடுவதற்கு முன்னர்தான் அவர்களுக்கு உங்கள் பதில் அவசரமாக வேண்டும். கையெழுத்து வைத்தபிறகு கேட்டால், அது அவர்கள் மனம் வைத்தால் தருகிற விசயமாகிவிடும்.

கிளிநொச்சி தருமபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து முதலில் பார்த்தது டொலர்க் கணக்கு. மாலைதீவில் ஒரு டொலருக்கு 15.42 ரூபியா என்பது உத்தியோகபூர்வ விலை. அந்த விலைக்கு வங்கியில் தேவையான அளவு டொலர் எங்களுக்குக் கிடைக்காது. வெளியில் வாங்கினால் நான் இருந்த காலத்தில் 18 ரூபியாவையும் தாண்டியது. 11,000ஐ 15.42ஆல் பிரித்தால் 713 டொலர். 18ஆல் பிரித்தால் 611. நூறு டொலர் நடுவில் காணாமல் போகிறது. வீட்டுக்குக் காசு அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் இந்த இழப்பு இருக்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் எங்கேயும் அது தெரியாது. ஆகவே சம்பளத்தில் ஒரு பகுதியை டொலராகவே கேட்பது என்று முடிவெடுத்தேன்.

அடுத்தது, மற்றவர்கள் என்ன எடுக்கிறார்கள் என்று அறிவது. கேரளாவில் இருந்து வந்த ஒரு மிஸ்ஸும் மாத்தறையில் இருந்து வந்த ஒரு சேரும் தங்கள் தொகையை எனக்குச் சொன்னார்கள், நானும் என்னுடையதைச் சொன்னேன். சம்பளத்தை வெளியில் சொல்லக்கூடாது என்ற பழக்கத்தால் எங்களுக்கு ஒரு சதம் நன்மையும் இல்லை. என்னளவு அனுபவத்துக்கு 13,000, 14,000 கிடைக்கிறது என்று அதில்தான் தெரிந்தது.

பிறகு கடிதம். இதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் நீண்ட கதை. "அப்பா இல்லாததையும் வீடு பூசாமல் கிடக்கிறதையும் எழுது பிள்ளை, மனம் இரங்குவினம்" என்றார். அம்மா அப்படிச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமில் நாங்கள் இருந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ஆங்கிலத்தில் வந்த படிவங்களை எங்கள் வரிசையில் இருந்த ஆட்களுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். இறந்தவர் எத்தனை, காணாமல் போனவர் எத்தனை, வீடு, மாடு, உழவு மெசின் என்ன ஆனது. மீள்குடியேறி வந்த பிறகும் அதே கேள்விகள்தான். ஒரு தகரம் வேண்டுமென்றாலும் இழந்ததை முதலில் எழுதவேண்டும். அப்படி எழுதித்தான் நாங்கள் தலைக்கு மேல் ஒரு கூரையைப் பெற்றோம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்தோடு சம்பளம் கேட்கக்கூடாது. எங்கள் கஷ்டத்தைப் பார்த்துத் தருவது உதவி. வேலைக்குத் தருவது சம்பளம். வன்னியில் இருந்து போகிற ஒவ்வொரு ஆசிரியரும் இதை மனதில் வைத்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். எங்களிடம் என்ன இல்லை என்று எழுதப் பழகிய அளவுக்கு, எங்களிடம் என்ன இருக்கிறது என்று எழுத எங்களை யாரும் பழக்கவில்லை.

கடிதம் ஒரு பக்கம்தான். கேம்பிரிட்ஜ் ஆங்கிலப் பரீட்சை வகுப்பை இரண்டு வருடமும் நான் எடுத்தது, பேச்சுத் தேர்வை நானே நடத்திப் பதிவுசெய்தது, எழுத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு வைத்தது, புதிதாக வந்த ஆசிரியர்களுக்குப் பாடத்திட்டம் விளங்கப்படுத்தியது. கடைசியில் 14,000 ரூபியா, அதில் பாதி டொலரில் என்று கேட்டேன். நான் போனால் அவர்களுக்கு விளம்பரம், நேர்முகம், வேலை அனுமதி, மருத்துவப் பரிசோதனை, விமானச் சீட்டு எல்லாம் புதிதாகச் செலவு, அதோடு பரீட்சை வகுப்புக்கு நடுவில் ஆள் மாறும். இதைக் கடிதத்தில் எழுதவில்லை, எழுதினால் மிரட்டலாகத் தெரியும். அதிபருக்கே அது தெரியும்.

ஞாயிறு காலை வட்ஸ்அப்பில் பேசலாம் என்று பதில் வந்தது. அங்கே வெள்ளி, சனிதான் விடுமுறை. அவர்கள் நேரம் 9 மணி என்றால் எங்களுக்கு 9.30. வீட்டுக்குள் சிக்னல் நிற்காது என்று தம்பி மாமரத்தடியில் கதிரையும் மேசையும் போட்டுத் தந்தான். பக்கத்துத் தோட்டத்து மாமாவிடம் சொல்லி, அந்த நேரம் தண்ணீர் இறைக்கிற மெசினையும் நிறுத்தி வைத்தோம்.

அதிபர் மரியாதையானவர். பிள்ளைகளின் கட்டணம் ரூபியாவில் வருகிறது, டொலரில் கொடுப்பது கஷ்டம், 12,000 தரலாம் என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு, யோசிக்கிறேன் என்றேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கு வாய் சும்மா இருக்காது. "பரவாயில்லை சேர், உங்களால் ஏலுமானதைத் தாங்கோ" என்று வந்துவிடும். நான் முன்னே இருந்த கொப்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதில் இரண்டு எண்களை முன்னமே எழுதி வைத்திருந்தேன்: 12,500, 400 டொலர். கொஞ்சம் கழித்து, மொத்தத்தை 12,500ஆகக் குறைக்கிறேன், அதில் 400 டொலரை மட்டும் டொலராகத் தாருங்கள், அது நான் வீட்டுக்கு அனுப்புகிற காசு என்றேன். முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தக் கிழமைக்குள் சரி என்று வந்தது.

400 டொலரை வெளியில் வாங்க 7,200 ரூபியா போகும். உத்தியோகபூர்வ விலையில் சம்பளத்தில் கழிவது 6,168. ஆகவே மாதம் 1,500 கூடியதோடு இன்னும் 1,000 அளவில் மிச்சம். மொத்தத் தொகையில் விட்டுக்கொடுத்ததை இது பெருமளவு ஈடுசெய்தது.

வருடாந்தக் கூட்டலைக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். பின்னேர வகுப்புக்குத் தனிக் கொடுப்பனவும் இல்லை, ஆனால் கிழமைக்கு இரண்டுக்கு மேல் வைக்கத் தேவையில்லை என்று எழுதித் தந்தார்கள். எழுதித் தருவது என்றால் ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். முதலில் அனுப்பிய பிரதியில் டொலர்ப் பகுதி இருக்கவில்லை, சம்மதித்ததாக வட்ஸ்அப்பில் மட்டும் இருந்தது. தொகை, நாணயம், எந்தத் திகதிக்குள் வங்கியில் விழும் என்ற மூன்றும் சேர்த்துத் திருத்தி வந்த பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

என்னுடைய ஐந்து வருட லீவில் இன்னும் ஒரு வருடம்தான் இதற்குப் பிறகு மிஞ்சும், அதற்கு ஒரு வருட ஒப்பந்தமாகப் பேசவேண்டிவரும். தருமபுரம், விசுவமடுப் பக்கத்தில் யாரிடமாவது புதுப்பிக்கிற ஒப்பந்தம் வந்திருந்தால், கையெழுத்து வைக்க முன் கொண்டுவாருங்கள். இருந்து சேர்ந்து வாசிப்போம்.