ஃபேஸ் மாறும் திசை

பி.எல்.எல். என்பது ரெஃபரன்ஸ் கிளாக்கைப் பார்த்து அதன் மடங்கான அலைவரிசையை உண்டாக்கும் சர்க்யூட்; அதைப் பிடித்து நிலைத்து நிற்பதுதான் லாக். லாக் ஆகாத பி.எல்.எல்.லைக் கண்டுபிடிப்பது எளிது. தப்பான அலைவரிசையில் கச்சிதமாக லாக் ஆகி நிற்பதுதான் ஆளைப் படுத்தி எடுக்கும். ரெஃபரன்ஸ் கிளாக்கும், வெளியீட்டை எண்ணி வகுக்கும் டிவைடரிலிருந்து வரும் கிளாக்கும் ஒத்துப்போகின்றனவா என்பது மட்டுமே லாக் டிடெக்டருக்குத் தெரியும். டிவைடரே எண்ணிக்கையைத் தவறவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

நான் வேலை பார்த்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ சிப் ஒன்றில் அப்படித்தான் ஆனது. ரெஃபரன்ஸ் 1 மெகாஹெர்ட்ஸ். அறை வெப்பத்தில் எல்லாச் சேனலும் சரி. ஹாட் ஏர் கன்னைச் சிப்புக்கு நேரே பிடித்தால், ஸ்பெக்ட்ரம் அனலைசரில் கேரியரின் (சிப் அனுப்பும் அலையின்) அடிப்பகுதி முதலில் அகலும். பிறகு சட்டென்று இடப்பக்கம் நகர்ந்து மறுபடியும் கூராக நின்றுவிடும். லாக் பிட் மாறவே மாறாது. மார்க்கர் வைத்துப் பார்த்தால் ஒரு சேனலில் 4 மெகாஹெர்ட்ஸ் குறைவு, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 12. வெப்பத்தால் வி.சி.ஓ. (அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர்) நகர்ந்திருந்தால் இப்படி நாலாம் வாய்ப்பாடு வராது. டிவைடர்தான் கணக்கில் தப்பு செய்கிறது என்று அப்போதே உறுதியாகிவிட்டது.

அந்த டிவைடர் ஒரு ஃபேஸ் ஸ்விட்சிங் பிரீஸ்கேலர், அதாவது ஃபேஸ் மாற்றி வகுக்கும் முன்வரிசை டிவைடர். 1996ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரானிங்க்ஸும் ஸ்டெயார்ட்டும் இந்த வகையில் 0.7 மைக்ரான் சிமாஸில் 1.75 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடும் 128/129 (128ஆலோ 129ஆலோ வகுக்கும்) டிவைடரைச் செய்து காட்டினார்கள். வி.சி.ஓ. கிளாக்கை நான்கால் வகுத்தால் 90 பாகை இடைவெளியில் நான்கு ஃபேஸ்கள் (ஒன்றையடுத்து ஒன்று தள்ளி வரும் ஒரே கிளாக்) கிடைக்கும். ஒன்றிலிருந்து அடுத்து வரும் ஃபேஸுக்கு மக்ஸ் (தேர்வு சுவிட்ச்) தாவினால் வெளியீடு ஒரே ஒரு வி.சி.ஓ. சுழற்சி தாமதமாகும். வகுக்கும் எண் N என்பது N+1 ஆகிவிடும். அதிவேகத்தில் ஓடுவது முதல் இரண்டு ஃபிளிப்-ஃப்ளாப்கள் மட்டும்தான். அழகான யோசனை, எனக்கு இன்றும் பிடித்த சர்க்யூட்.

சிக்கலெல்லாம் தாவும் கணத்தில் இருக்கிறது. பழைய ஃபேஸும் புதிய ஃபேஸும் ஒரே நிலையில் இருக்கும்போது மாறினால் வெளியீட்டுக்கு ஒன்றும் தெரியாது. பழையது கீழே இறங்கி, புதியது இன்னும் மேலே இருக்கும்போது மாறினால், இறங்கிய வெளியீடு மறுபடி எழுந்து இறங்கும். அந்தப் பொய்த் துடிப்பை, அதாவது கிளிட்சை, பின்னால் இருக்கும் கவுண்டர் ஒரு முழுத் துடிப்பாக எண்ணும். அதாவது நான்கு வி.சி.ஓ. சுழற்சிகள் கணக்கில் போச்சு. ரெஃபரன்ஸ் 1 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு கிளிட்சுக்கு 4 மெகாஹெர்ட்ஸ். ஒரு ரெஃபரன்ஸ் சுழற்சியில் எத்தனை முறை ஃபேஸ் மாறுகிறதோ அத்தனை மடங்கு. துடிப்பு மெலிந்து, எண்ணப்பட்டும் படாமலும் இருந்த வெப்பநிலையில்தான் கேரியர் அகலமாகத் தெரிந்திருக்கிறது.

2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி சுமார் 417 பிகோ செகண்ட். பாதுகாப்பான இடைவெளியும் அவ்வளவுதான். மக்ஸின் கன்ட்ரோல் சிக்னல் அதற்குள் வந்து சேர வேண்டும். சூடேறினால் கேட்டுகள் மந்தமாகும், சிக்னல் இடைவெளியைத் தாண்டிவிடும். கன்ட்ரோல் பாதையில் பஃபர் கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிசெய்யலாம் என்ற பேச்சு வந்தபோது நான் கடுமையாக எதிர்த்தேன். ஸ்லோ கார்னருக்கு (மந்தமாக அமைந்த சிப்புக்கு) சரிசெய்தால் ஃபாஸ்ட் கார்னரில் (வேகமாக அமைந்த சிப்பில்), குளிரில், மறுமுனையில் உதைக்கும். டிஜிட்டல் அணித் தம்பி ஒருவர், “அண்ணா, எங்க கிளிட்ச்-ஃப்ரீ கிளாக் மக்ஸையே போட்டுடலாமே?” என்றார். அது பழைய கிளாக்கை நிறுத்தி, சில சுழற்சிகள் காத்திருந்து, பிறகு புதியதைத் திறக்கும். பிராசசர் கிளாக்குக்கு அது போதும். பி.எல்.எல். ஃபீட்பேக்கில் ஒரு சுழற்சி காணாமல் போனாலும் அலைவரிசையே மாறிவிடும் என்று விளக்கினேன்.

கன்ட்ரோல் சிக்னலை அந்த ஃபேஸ்களைக் கொண்டே ரீடைம் செய்வது, அதாவது அவற்றோடு நேரம் பொருத்துவது, ஒரு வழி. இப்போது ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருக்கும் நாகேந்திர கிருஷ்ணபுராவும் பீட்டர் கிங்கெட்டும் 2000ல் 5.3 கிகாஹெர்ட்ஸ் டிவைடரில் அதைத்தான் செய்தார்கள். ஆனால் எங்கள் சிப் ஏற்கெனவே ஃபேபிலிருந்து (சிப் தொழிற்சாலையிலிருந்து) வந்துவிட்டது. மெட்டல் லேயர் மட்டும்தான் மாற்றலாம், புதிய ஃபிளிப்-ஃப்ளாப்புக்கு இடமில்லை. 2003ல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகக் குழு காட்டிய எதிர்த்திசைத் தாவல் கைகொடுத்தது. அடுத்து வரும் ஃபேஸுக்குப் பதிலாக முந்தி வரும் ஃபேஸுக்குத் தாவுவது. தாளில் வரைந்து பாருங்கள்: பழையது மேலே, புதியது கீழே என்றால் வெளியீடு கொஞ்சம் முன்னதாக இறங்கும், அவ்வளவே, பழையது கீழே, புதியது மேலே என்றால் முன்னதாக எழும். எந்தக் கணத்தில் மாறினாலும் கூடுதல் துடிப்பு பிறக்க வழியே இல்லை.

மாற்றமும் சின்னதுதான். மக்ஸுக்குப் போகும் 90 பாகை வயரையும் 270 பாகை வயரையும் இடம் மாற்றினால் சுற்றும் திசை திரும்பிவிடும். N+1 என்பது N−1 ஆகும். அதற்கேற்ற எண்களை ரெஜிஸ்டரில் மென்பொருள் எழுதிவிடும்.

புதிய சிப்பில் ஹாட் ஏர் கன் காட்டியும் கேரியர் அசையவில்லை. ஆனால் இருபுறமும் 250 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருந்த சின்ன ஸ்பர் (வேண்டாத பக்க அலை) கொஞ்சம் உயர்ந்திருந்தது. குறுக்கே போன அந்த இரண்டு வயர்களின் கெப்பாசிட்டன்ஸ் மற்ற இரண்டோடு ஒத்துப்போகவில்லை. மக்ஸ் நான்கு ஃபேஸ்களையும் சுற்றி வர, நான்கு ரெஃபரன்ஸ் சுழற்சிக்கு ஒருமுறை அதே பிழை திரும்பி வந்தது. அடுத்த லேஅவுட்டில் நான்கு வயர்களுக்கும் ஒரே நீளம், ஒரே எண்ணிக்கையில் குறுக்குக் கடப்பு, தேவையில்லாத இடத்தில் டம்மி கடப்பு என்று வரையச் சொன்னேன். லேஅவுட் அணிக்கு அது கூடுதல் வேலைதான். ஆனாலும் முணுமுணுக்காமல் வரைந்து கொடுத்தார்கள்.