மிளகு வெளியே போகிறது

பிப்ரவரி 4
என் பூனை மிளகை வெளியே கூட்டிப்போக, உடம்பில் மாட்டும் ஹார்னெஸ் பட்டை வந்துவிட்டது. மாட்டியதும் மிளகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்து, அசையாமல் கிடந்தது. கழற்றிய அடுத்த நொடி ஒரே தாவலில் அலமாரி மேல். உடம்பைச் சுற்றி ஏதாவது இறுக்கினால் நிறைய பூனைகள் இப்படித்தான் சரிந்துவிடுமாம். அதற்காகக் கழுத்துப் பட்டையோடு கூட்டிப்போக முடியாது. பூனை பின்னால் நகர்ந்தே தலையை உருவிக்கொள்ளும். மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னெஸ்தான் சரி. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது. மிளகின் முடியைப் பார்த்து அளவு வாங்கினால் ஏமாற்றம்தான். உள்ளே இருக்கும் பூனை அதில் பாதி.

பிப்ரவரி 9
சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு மாட்டினேன். பசி வந்தால் பத்தும் பறக்கும். சரிந்து விழும் நடிப்பும் பறந்தது.

பிப்ரவரி 12
டாக்டரிடம் போனோம். வெறிநோய் தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் ஆயிற்று. சிப் ஒரு அரிசி அளவு, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. இது ஜிபிஎஸ் இல்லை. பூனை தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. யாராவது பிடித்துக் கொண்டுபோய் ஸ்கேனர் காட்டினால் ஒரு எண் தெரியும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு நம் தொலைபேசி எண்ணைப் பதிந்து வைத்தால்தான் பிரயோஜனம். ஊசிக்கு மிளகு வாய் திறக்கவில்லை. எடை பார்க்கும் மேடையைப் பார்த்துத்தான் சீறியது.

பிப்ரவரி 25
இன்றுதான் அந்த நாள்.

வாசலைத் தானாகத் தாண்ட விடவில்லை. கூண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். கதவு வழியாக நடந்து பழகிவிட்டால் நாளைக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் பாய்ந்து ஓடும். வீட்டுக்குப் பின்னால் சுவரோரம் இருக்கும் புல்லில் கூண்டை வைத்துத் திறந்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் மூக்கு மட்டும் வெளியே வந்தது. வெகுநேரம் மூக்கு மட்டும்தான். கண்ணில் கறுப்பு முழுக்க விரிந்திருந்தது. காதுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் திரும்பின: இடது காது தெருவுக்கு, வலது காது எனக்கு. அப்புறம் ஒரு முன்னங்கால் புல்லைத் தொட்டது. தொட்ட வேகத்தில் உதறிக்கொண்டு மறுபடியும் உள்ளே.

ஒருவழியாக வெளியே வந்ததும் வயிறு தரையில் உரச, சுவரை ஒட்டியே ஊர்ந்தது. திறந்த வெளிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை. ஒரு கல்லின் அடியை முகர்ந்துவிட்டு வாயைப் பாதி திறந்து, முகத்தைச் சுளித்தபடி நின்றது. பார்த்தால் அருவருப்பு என்றுதான் தோன்றும். உண்மையில் ரசித்துப் படித்துக்கொண்டிருந்தது. பூனையின் மேலண்ணத்தில் ஜேக்கப்சன் உறுப்பு என்று ஒன்று உண்டு. வாசனையை அங்கே இழுத்துத்தான் முன்னால் வந்துபோன பூனையைப் பற்றித் தெரிந்துகொள்கிறது. அந்தக் கல்லில் ஒரு வம்புக் கதையே இருந்திருக்க வேண்டும், திரும்பத் திரும்ப அங்கேயே போனது.

தெருவில் ஒரு பைக் உறுமியது. வால் புஸ்ஸென்று உப்ப, ஒரே பாய்ச்சலில் கூண்டுக்குள். போய்வந்த தூரம் கூண்டிலிருந்து கல் வரை. பூனையோடு நடக்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் நல்ல பாய் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதில் நடை கிடையாது, உட்காருவதுதான்.

மார்ச் 3
கல்லைத் தாண்டிச் செடிகள் வரை போனது. சுவர் மேல் ஒரு குருவி. பார்த்ததும் மிளகின் தாடை படபடவென்று அடித்துக்கொண்டது. வழியே போன பெரியவர் ஒருவர், "பூனைக்கு எதுக்கும்மா கயிறு? அவிழ்த்து விடுங்க, அதுவே சுத்திட்டு வரும்" என்றார். சிரித்து வைத்தேன். வரும்தான், வண்டி எதுவும் குறுக்கே வராத வரைக்கும். குருவியிடமும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

புல் தின்றது. வீட்டுக்கு வந்து மிதியடி மேல் அதை வாந்தி எடுத்தது.

மார்ச் 10
விடிவதற்கு முன்பே கதவடியில் உட்கார்ந்து கத்தல். கத்தும்போது கூட்டிப்போனால் கத்துவதே வழக்கமாகிவிடும். ஆகவே மாலை ஒரே நேரம், திரும்பி வந்ததும் சாப்பாடு என்று வைத்திருக்கிறேன். யார் முதலில் மசிவார்கள் என்று பார்ப்போம்.

காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்தேன், வந்துவிட்டது. நாளை பூனைக்கென்றே உள்ள உண்ணி மருந்து வாங்க வேண்டும். நாய்க்கான மருந்து சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். கடையில் அவசரத்தில் எடுக்காமல் அட்டையைப் படித்துவிட்டுத்தான் வாங்குவேன்.