பேரலில் 1884, உள்ளே வேறு கணக்கு

தேவகோட்டைப் பெரிய வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு .32 ரிவால்வர் உண்டு. லைசன்ஸ் பெரியப்பச்சி (பெரியப்பா) பேரில். தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தது திரும்பி வந்ததும், அதற்கு வயது பார்த்துவிடுவது என்று இறங்கினேன். தொடுவதெல்லாம் அவர்தான், என் கையில் டார்ச்சும் லென்ஸும் மட்டும். சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று இரண்டு தரம் காட்டிய பிறகுதான் வளவில் (உள்முற்றத்தில்) வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்துத் துண்டை விரித்தார்.

பேரல் (குழல்) மேலிருந்த எழுத்து தேய்ந்து கிடந்தது. ஒரு சிட்டிகை விபூதியைத் தடவி ஊதினார். வெள்ளை வெளேரென்று எழுந்து வந்தது: கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் பேர், அதன் ஊர் ஹார்ட்ஃபோர்ட், கூடவே 1884, 1900, 1905 என்று மூன்று தேதிகள். வீட்டில் இதை ‘1884 துப்பாக்கி’ என்று சொல்லி வந்தது எதனால் என்று இப்போது புரிந்தது. ஆனால் அவை காப்புரிமை வாங்கிய தேதிகள், செய்த தேதிகள் அல்ல. கடைசித் தேதிக்கு முன்னால் இது பிறந்திருக்கவே முடியாது. ‘போலீஸ் பாசிட்டிவ்’ என்ற இந்த மாடலே 1907இல்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு சீரியல் நம்பர் வேட்டை. சிலிண்டரை வெளியே சாய்த்தால், அதைத் தாங்கும் கை வந்து உட்காரும் பள்ளத்தில் வெட்டியிருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கவே அரை மணி நேரம். ஒரு இலக்கம் 3ஆ 8ஆ என்று சண்டை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் 8 என்று தெளிந்தது. கம்பெனியின் நம்பர் வரிசைப்படி 1921. பிடியும் அதற்கு ஒத்துப் போனது: கறுப்புக் கடின ரப்பர். 1920களின் நடுவில் கோல்ட் வால்நட் மரத்துக்கு மாறிவிட்டது. பிடியைப் பிற்பாடு மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நம்பரோடு சேர்த்துப் பார்த்தால் நல்ல சாட்சி.

விலைதான் வயிற்றெரிச்சல். 80களில் யாரோ இதை ஒரு கடையில் கொடுத்துப் புதுசாக நிக்கல் பூசி வாங்கியிருக்கிறார்கள். பளபளப்புக்காகத் தேய்த்த தேய்ப்பில் எழுத்து விளிம்பெல்லாம் மழுங்கி, திருகுத் துளைகளின் ஓரம் குழிந்து, பக்கத் தகட்டில் கம்பெனி முத்திரையான துள்ளும் குதிரை பாதி மறைந்துவிட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு முதலில் வேண்டியது கம்பெனிப் பூச்சு. அது போனால் பாதி மதிப்பு போச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பித்தளைச் சாமானைப் புளி போட்டு விளக்கிக் கொண்டு போனால் முகம் சுளிப்பார்களே, அதே கதை.

நம் ஊர்க் கணக்கு வேறு. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்று நாற்பது வருஷமாகப் போகிறது. இருப்பது இருப்பதுதான், அதையும் லைசன்ஸ் உள்ளவர்தான் வாங்க முடியும். அதனால் இங்கே பூச்சை விட, சிலிண்டர் ஆடாமல் பூட்டுகிறதா, பேரல் உள்ளே துருக்குழி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். வெளிநாட்டு ஏல விலையை ரூபாய்க்கு மாற்றிச் சந்தோஷப்படுவது வீண் வேலை. நானும் ஒரு ராத்திரி அதைச் செய்தேன்.

1921 என்றதும் பெரியப்பச்சி முகம் மாறிவிட்டது. ஐயாவின் அப்பச்சி (தாத்தாவின் அப்பா) ரங்கூன் மோகல் தெருவில், செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கிட்டங்கியில் இருந்தபோது வாங்கியது என்றுதான் இத்தனை காலமும் பேச்சு. முகப்பில் மாட்டியிருக்கும் அவர் படத்துக்குக் கீழே ‘சிவபதவி 1917’ என்று எழுதியிருக்கிறது. பெரியப்பச்சி படத்தை நிமிர்ந்து பார்த்தார்; அப்புறம் துண்டைத் திரும்ப விரித்தார்.

“அந்த 8ஐ இன்னொரு தரம் பாருப்பா. 3ஆ இருக்கப் போவுது.”